ஆஃப்ரோ சுருள்முடி நீளவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

என் மகளுக்கு அப்பா வழி முடி. கணவர் கானாவைச் சேர்ந்தவர், நான் மதுரைக்காரி, குடியிருப்பது லண்டனில். பிறந்தபோது அவளுக்கு இருந்த பூப்போன்ற அலைமுடி ஒன்றரை வயதுக்குள் உதிர்ந்துவிட்டது. அதன் பிறகு பென்சிலில் சுற்றிவிட்டது போலச் சின்னச் சின்னச் சுருள்களாக முளைத்தது. எனக்குத் தெரிந்தது எண்ணெய், சீப்பு, இறுக்கிய ரெட்டைப் பின்னல். அதையே அந்தத் தலைக்கும் செய்தேன். ஐந்து வயது வரை முடி காதைத் தாண்டவில்லை. அப்புறம் குமாசியிலிருந்து என் நாத்தனார் வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தார். நான் செய்துகொண்டிருந்ததை ஒவ்வொன்றாக நிறுத்தவைத்து, முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார். இப்போது மகளுக்குப் பதினொரு வயது. ஒரு சுருளை நீட்டிப் பிடித்தால் தோள்பட்டை எலும்பைத் தாண்டி முதுகில் விழுகிறது.

இப்படி ஒரு தலையைத் தினமும் வாரிவிடும் தமிழ் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வரும் ஆச்சிகளுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஒரு வருடமாக அதே நீளத்தில் நிற்கிறது

வேரில் முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆப்பிரிக்க வம்சாவளி முடி மாதத்துக்கு முக்கால் சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை வளர்கிறது. வருடத்துக்குச் சுமார் 9, 10 செ.மீ. வேரில் 9 செ.மீ. வந்து, நுனியில் 9 செ.மீ. ஒடிந்து போனால் நீளம் அப்படியே நிற்கும். ஆகவே வளரவைக்கும் எண்ணெயைத் தேடி அலைவதை இன்றோடு விடுங்கள். வந்த முடியை ஒடியாமல் காப்பாற்றுவதுதான் நம் வேலை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒன்றைத்தான் சொல்கிறது.

ஏன் இவ்வளவு சுலபமாக ஒடிகிறது? இந்த முடியின் வேர்க்குழி கொக்கி போல வளைந்திருக்கும். முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை வடிவில் தட்டையாக இருக்கும். அது சுருண்டு திரும்பும் ஒவ்வோர் இடமும் ஒரு பலவீனமான புள்ளி. நம் நேர்முடியில் தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை தானாக வழிந்து நுனிவரை போய்விடும். இங்கே அத்தனை வளைவுகளைத் தாண்டி இறங்க அதற்கு வழியில்லை. வேர் எண்ணெயாக இருக்கும்போதே நுனி காய்ந்து கிடக்கும். பார்ப்பதற்குத் தடித்து, அடர்ந்து, முரட்டு முடி போலத் தெரிந்தாலும் உண்மையில் மிக மென்மையாகக் கையாள வேண்டிய முடி இதுதான்.

சரி, நிஜமாகவே வளரவில்லையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ந்ததும் இந்த முடி சுருங்கி மேலே ஏறிவிடும். மிக நெருக்கமாகச் சுருளும் 4சி வகை முடி தன் உண்மை நீளத்தில் முக்கால் பங்கைக்கூட மறைத்துவிடும். (முடியை 1 முதல் 4 வரை பிரித்தவர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆந்த்ரே வாக்கர். 4சி என்ற பிரிவு பின்னால் மக்களே சேர்த்துக்கொண்டது. வகை எண்ணைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், ஒரே தலையில் மூன்று வகை இருக்கும்.) உச்சி, பிடரி, இரண்டு பக்கவாட்டு என்று நான்கு இடங்களில் ஒரு சிறு கற்றையை எடுத்து, நனைத்து, கண்டிஷனர் தடவி, மெதுவாக நீட்டி அளந்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளங்கள். இரண்டு செ.மீ. கூடியிருந்தால் கவலையை விடுங்கள். நான்கு இடத்திலும் கூடவில்லை என்றால் நுனி ஒடிகிறது. ஓரிடத்தில் மட்டும் கூடவில்லை என்றால் அந்த இடத்துக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலையணையா, தொப்பியா, இறுக்கும் ரப்பர் பேண்டா?

சாட் நாட்டில் பசாரா அரபுப் பெண்கள் இடுப்பைத் தாண்டி முடி வைத்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பயன்படுத்தும் செபே பொடியை முடி வளர்க்கும் பொடி என்று இங்கே விற்கிறார்கள். அந்தப் பெண்கள் அதை எண்ணெயில் குழைத்து முடியின் தண்டில் பூசிப் பின்னிவிடுவார்கள். வேரில் பூசுவதில்லை. முடி காயாமலும் உரசாமலும் பல நாள் அப்படியே இருக்கிறது, அதனால் ஒடியாமல் நீள்கிறது.

சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது

பதறாமல் ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஆயுள் முடிந்து வேரோடு விழுந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி விழுவது இயல்பு. நேர்முடியில் அது தரையில் விழுந்து போகும். சுருள்முடியில் பக்கத்துச் சுருளில் சிக்கி, வாரும் நாள் வரை காத்திருக்கும்.

ஆறு வாரம் போட்டிருந்த பின்னலை முதல்முதலாக அவிழ்த்தபோது என் கையில் ஒரு எலுமிச்சம்பழ அளவு உருண்டை சேர்ந்தது. நான் அழுதேவிட்டேன். நாத்தனார் கணக்குப் போட்டுக் காட்டினார். 42 நாள், நாளுக்கு 50 என்றாலே 2100 முடி. பின்னலுக்குள்ளேயே தங்கியிருந்த அத்தனையும் அன்றைக்கு ஒன்றாக வெளியே வந்திருக்கிறது.

குமிழ் இல்லாமல், நீளம் குறைவான துண்டுகளாக இருந்தால் அது உடைந்த முடி. குளியலறை வெள்ளைத் தொட்டியில் அரை அங்குலத் துண்டுகள் கிடக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கு அடுத்த இரண்டு பகுதிகளைப் படியுங்கள்.

குமிழோடுதான் விழுகிறது, ஆனால் வழக்கத்தை விட மிக அதிகம் என்றால் முடிக்கு வெளியே காரணம் தேட வேண்டும். பிரசவம், கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொட்டும், பின் தானாக நிற்கும். நிற்கவில்லை என்றால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

தொட்டால் வைக்கோல் மாதிரி இருக்கிறது, வாரினால் பொடிப்பொடியாக உதிர்கிறது

நூற்றில் பாதித் தலைகளுக்காவது இதுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் இதற்கு முதல் வைத்தியமாகக் கையில் எடுப்பதும் தவறானதுதான். எண்ணெய். காய்ந்த முடியின் மேல் எண்ணெய் தடவினால் பளபளக்கும், உள்ளே காய்ந்தே இருக்கும். எண்ணெய் ஈரம் தருவதில்லை, உள்ளே இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடுகிறது. ஆகவே முதலில் தண்ணீர், அதன் மேல் கண்டிஷனர் அல்லது கிரீம், கடைசியில் எண்ணெயோ ஷியா வெண்ணெயோ (ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு). இந்த வரிசை மாறக் கூடாது.

தலைக்குக் குளிக்கும் நாளை எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறோம். வாரம் ஒரு முறை, அதிகபட்சம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. தினமும் அலசினால் காயும், மாதக்கணக்கில் அலசாமல் விட்டால் அழுக்கும் பூசிய கிரீமும் படிந்து தண்ணீரே உள்ளே போகாது. முந்தின இரவு முடியை நான்காகவோ ஆறாகவோ பிரித்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். இந்த இடத்தில் நம் ஊர் எண்ணெய்க் குளியல் சரியாகவே பொருந்துகிறது. 2003இல் இந்திய ஆய்வாளர்கள் இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். குளிக்கும் முன் தடவினால் அந்தப் பலன் கிடைக்கும். சில தலைகளில் தேங்காய் எண்ணெய் முடியை விறைக்கவைக்கும். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஆனால் விட்டுவிடுங்கள், கண்டிஷனரையே முன்பூச்சாகப் போடலாம்.

மறுநாள் சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவை நீரில் கரைத்து, விரல் நுனியால் தலைத்தோலில் மட்டும் தேய்க்க வேண்டும். முடியைத் தலைமேல் குவித்துக் கசக்கக் கூடாது. நுரை வழிந்து இறங்குவதே தண்டுக்குப் போதும். பிரித்த பிரிவுகளை அவிழ்க்காமலே அலசினால் சிக்கு பாதியாகக் குறையும். பிறகு டீப் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, பிளாஸ்டிக் தொப்பி போட்டு, அதன் மேல் சூடான துண்டு சுற்றி 20, 30 நிமிடம். அலசிய பின் தேங்காய்ப்பூத் துண்டால் துவட்டாதீர்கள், பழைய பருத்தி பனியனால் அழுத்தி ஒற்றுங்கள். சொட்டச் சொட்ட இருக்கும்போதே லீவ்-இன் கண்டிஷனர் (அலசாமல் அப்படியே விடுவது), அதன் மேல் ஷியா வெண்ணெய். கானாவில் இதை 'ங்குடோ' என்கிறார்கள், வடக்கு கானாவின் பெண்கள் கையால் கடைந்து எடுப்பது. ஒரு பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் உருக்கித் தடவினால் போதும். கடைசிப் பத்து சென்டிமீட்டருக்குக் கூடுதலாகக் கொடுங்கள், அதுதான் தலையிலேயே வயதான முடி.

சீயக்காய் பற்றிக் கேட்பீர்கள். அம்மா ஆசையோடு அரைத்துக் கொடுத்துவிட்டார், நானும் ஒரு முறை போட்டேன். பொடி ஒவ்வொரு சுருளுக்குள்ளும் புகுந்துகொண்டது. இரண்டு நாள் அலசியும் முழுதாகப் போகவில்லை, எடுக்கும்போது முடிதான் ஒடிந்தது. இந்த முடிக்குப் பொடிகள் வேண்டாம்.

இத்தனையும் செய்து இரண்டு மாதமாகியும் வைக்கோலாகவே இருந்தால் குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். லண்டன் தண்ணீர் கடினநீர். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு முடியிலும் படியும். மாதம் ஒரு முறை அந்தப் படிவை நீக்கும் ஈடிடிஏ கலந்த கிலேட்டிங் ஷாம்பூ போட்டால் வித்தியாசம் அன்றைக்கே கையில் தெரியும். சென்னை ஆழ்துளைக் கிணற்று நீரில் குளித்துவிட்டு வந்த விடுமுறைக்குப் பின்னும் இதையே செய்கிறேன்.

ஈரமாக இருக்கும்போது ஜவ்வு மாதிரி இழுபட்டு அறுகிறது

இது வைக்கோலுக்கு நேர் எதிர். ஈரம் அதிகமாகி, முடிக்குள் இருக்கும் புரதக் கட்டு தளர்ந்துவிட்டது. இரவு முழுக்கக் கண்டிஷனரோடு தூங்கவைத்தாலோ, சாயமோ ப்ளீச்சோ போட்டிருந்தாலோ இப்படி ஆகும். ஒரு தனி முடியை நனைத்து இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பிச் சுருண்டால் நலம். நீண்டுகொண்டே போய் அறுந்தால் புரத ட்ரீட்மென்ட் ஒன்று தேவை. நீளாமலே பட்டென்று ஒடிந்தால் ஈரம் தேவை. புரதம் போட்ட அன்றே ஈரமூட்டும் கண்டிஷனரும் போட வேண்டும், இல்லையென்றால் விறைத்துவிடும். ஆறு வாரத்துக்குள் திரும்பப் போடாதீர்கள். பச்சை முட்டையைத் தலையில் தேய்ப்பதால் பயனில்லை. முட்டைப் புரதத்தின் மூலக்கூறு பெரியது, முடிக்குள் நுழையாது.

சிக்கு எடுக்கவே முடியவில்லை, நுனியில் குட்டி முடிச்சுகள்

காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. இதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது, பள்ளிக்கு நேரமாகிறதே என்று அன்போடு நெருக்கப் பல் சீப்பால் வாரிவிட்டார். ஒரே வாரத்தில் முன்பக்கம் மூன்று இடங்களில் முடி கட்டையாக நின்றது. குழந்தையும் சீப்பைப் பார்த்தாலே ஓட ஆரம்பித்தாள்.

நனைத்து, கண்டிஷனர் வழுவழுப்பாக இருக்கும்போது, முதலில் விரலால். நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். சிக்கைப் பிடித்துக்கொண்டு வேரைத் தாங்கினால் வலிக்காது. விரல் தடையில்லாமல் போன பிறகு அகலப் பல் சீப்பு. ஒரு பிரிவு முடிந்ததும் அதை ரெட்டை முறுக்காக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு தலைக்கு முதலில் எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது, இப்போது முக்கால் மணி நேரம்.

ஒற்றை முடி தன்னைத்தானே சுற்றி விழும் முடிச்சு அவிழாது. கூரிய முடி கத்தரிக்கோலால் முடிச்சுக்கு மேல் வெட்டுங்கள். இழுத்தால் அங்கிருந்து கிழிந்து மேலே ஏறும். முடி நீட்டியபடி இருந்தால் முடிச்சு குறையும். கானாவிலும் நைஜீரியாவிலும் சூடு இல்லாமல் முடியை நீட்ட, கற்றையைச் சுற்றி நூலைச் சுற்றிக்கொண்டே போவார்கள். இரவில் சுற்றி காலையில் அவிழ்த்தால் முடி நேராக நீண்டிருக்கும். இஸ்திரி போன்ற எந்தக் கருவியும் தேவையில்லை.

நெற்றி ஓரத்தில், காதுக்கு மேலே முடி மெலிகிறது

இங்கே நீங்கள் தாமதிக்கக் கூடாது. இறுக்கிக் கட்டுவதால் வேர் இழுபட்டு வரும் வழுக்கை இது. ஆரம்பத்திலேயே இறுக்குவதை நிறுத்திவிட்டால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர்க்குழி தழும்பாகி மூடிவிடும், அதன் பிறகு எந்த எண்ணெயும் அதைத் திறக்காது.

முதல் எச்சரிக்கை வலி. பின்னல் போட்ட அன்று இரவு குழந்தை தலையணையில் தலை வைக்க முடியாமல் திரும்பித் திரும்பிப் படுத்தால் அது இறுக்கம். புருவம் மேலே இழுபட்டிருந்தால் இறுக்கம். வேரடியில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள், கொடுத்த பணத்தை நினைத்து யோசிக்காதீர்கள். இரண்டு நாளில் பழகிவிடும் என்று சிகையலங்காரம் செய்பவர் சொல்வார், நம்பாதீர்கள். சரியாகப் போட்ட பின்னல் முதல் நாளில்கூட வலிக்காது.

எங்களுக்கு இது பள்ளியால் வந்தது. மகளின் முடி 'மிகப் பெரிதாக' இருக்கிறது, பின்னால் இழுத்துக் கட்டி அனுப்புங்கள் என்று அவள் முதலில் படித்த பள்ளியில் சொன்னார்கள். ஜெல் போட்டு, நனைத்து, ரப்பர் பேண்டால் தினமும் இழுத்துக் கட்டினேன். எட்டு மாதத்தில் இரண்டு பக்க ஓரமும் விரலகலத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு எனக்குத் தெரியாதது இப்போது எல்லோருக்கும் தெரிய வேண்டும். 2022 அக்டோபரில் பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இயற்கையான ஆஃப்ரோ முடியை, கார்ன்ரோவை (தலைத்தோலோடு ஒட்டி வரிவரியாகப் பின்னுவது), பின்னலைத் தடுக்கும் விதிகள் சட்டத்துக்குப் புறம்பான பாகுபாடாக இருக்க வாய்ப்புண்டு என்று அதில் இருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2019லேயே இத்தகைய முடிப் பாகுபாட்டைத் தடுக்கும் கிரவுன் சட்டம் கொண்டுவந்தது. பள்ளி கேட்டால் அந்த வழிகாட்டுதலை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். குழந்தையின் நெற்றி முடியைக் கொடுக்காதீர்கள்.

சரிசெய்வது எப்படி? மூன்று மாதம் ஓர முடியை எதிலும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். பின்னலை ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளித் தொடங்கச் சொல்லுங்கள். பெரிய பின்னல், குறைந்த எடை, ஆறு வாரத்துக்கு மேல் இல்லை. அவிழ்த்த உடனே அடுத்ததைப் போடாமல் இரண்டு வாரம் ஓய்வு. ஜமைக்கா விளக்கெண்ணெய் தடவலாம், முடிக்கு மெருகு தரும். ஆனால் எங்கள் வீட்டில் ஓரம் திரும்ப வந்தது இழுப்பதை நிறுத்தியதால். முழுதாக நிரம்ப ஒரு வருடம் ஆனது.

பெரியவர்களுக்கு நடு உச்சியில் தொடங்கி வட்டமாக முடி குறைந்து, தோல் மினுமினுப்பாகத் தெரிந்தால் அது வேறு நோய். கறுப்பினப் பெண்களுக்கு அதிகம் வருவது, தழும்பாக்கி நிரந்தர வழுக்கையாக்கக்கூடியது. வீட்டு வைத்தியம் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

அரிப்பு, வெள்ளைச் செதில்

செயற்கை முடி சேர்த்துப் பின்னிய ஒன்றிரண்டு நாளில் அரித்தால் அந்த முடியின் மேலிருக்கும் பூச்சு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை பின்னுவதற்கு முன் ஆப்பிள் சைடர் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து, வெள்ளைப் படலம் பிரிந்த பின் அலசிக் காயவையுங்கள்.

எண்ணெய்ப்பசையோடு மஞ்சள் செதில் என்றால் பொடுகு. அதற்கு மேலும் எண்ணெய் ஊற்றினால் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குத் தீனி போடுவதாகும். கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தோலில் மட்டும் போட்டு ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள், முடிக்குக் கண்டிஷனர் பூசிக் காப்பாற்றுங்கள்.

குழந்தைக்கு வட்டமாகச் செதில், அந்த இடத்தில் ஒடிந்த முடி கரும்புள்ளிகளாக, கழுத்தில் நெறிகட்டி இருந்தால் அது தலைப்படை என்ற பூஞ்சைத் தொற்று. பூசும் மருந்தால் மட்டும் போகாது, வாய்வழி மருந்து வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். மருத்துவரைப் பாருங்கள், சீப்பையும் தொப்பியையும் அதுவரை யாரோடும் பகிர வேண்டாம்.

நனைத்த பிறகும் ஒரு பகுதி சுருளவில்லை

இரும்பு வைத்து நேராக்கிய முடி நனைந்ததும் சுருண்டு திரும்ப வேண்டும். நூல் போலத் தொங்கினால் சூட்டில் அமைப்பே குலைந்துவிட்டது. அது மீளாது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வர வேண்டும். சூடு வைத்தே ஆக வேண்டுமென்றால் வருடத்துக்கு இரண்டு முறை, 180 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, பாதுகாப்புக் கிரீமோடு, ஒரே இழுப்பு.

ரிலாக்ஸர் (முடியை நேராக்கும் ரசாயனம்) போட்டவர்களுக்கு நேரான பழைய முடியும் சுருளும் புது முடியும் சந்திக்கும் கோட்டில்தான் ஒடியும். அந்தக் கோட்டுக்கு மென்மையாகக் கை வையுங்கள், அல்லது துணிந்து ஒரே நாளில் வெட்டிவிடுங்கள். குழந்தைகளுக்கு நேராக்கும் ரசாயனம் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2022இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்ததன் முடிவை வெளியிட்டார்கள். நேராக்கும் ரசாயனத்தை அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ரசாயனம்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. எனக்கு ஒதுங்கிக்கொள்ள அந்த எண்கள் போதும்.

பின்பக்கம் மட்டும் குட்டை

பருத்தித் தலையணை உறை. இரவெல்லாம் உரசி, ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. சாட்டின் தொப்பி போட்டுத் தூங்கவையுங்கள். குழந்தை தூக்கத்தில் கழற்றிவிடும், அதனால் தலையணைக்கும் சாட்டின் உறை போட்டுவிடுங்கள். கார் இருக்கையும் குளிர்காலக் கம்பளித் தொப்பியும் இதையே செய்யும். தொப்பிக்கு உள்ளே பழைய பட்டுப் பாவாடைத் துணியை வெட்டித் தைத்துக் கொடுத்தேன், என் மகள் அதைத்தான் மூன்றாவது குளிர்காலமாகப் போட்டுக்கொண்டு போகிறாள். குட்டையான இடம் மற்ற முடியை எட்டிப்பிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை அதற்கேற்ற மாதிரி மற்ற முடியை வெட்டிச் சமப்படுத்தச் சொல்பவர்களிடம் கத்தரிக்கோலைக் கொடுக்காதீர்கள்.